கதவடைத்த கோயில்: ஈம் கிராமத்தின் 14 மாதங்கள்

இங்கிலாந்தின் டர்பிஷயர் பகுதியில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஒரு சிறு கிராமம் இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘எயம்’ என்று வரும். ஊர்க்காரர்கள் ‘ஈம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஓடைகளுக்கு இடைப்பட்ட நிலம் என்ற பொருளில் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழ்க் காதிலோ அது வேறு மாதிரி விழுகிறது. ஈமம், ஈமக்கடன், ஈமத்தாழி என்று நாம் சாவோடு சேர்த்தே சொல்லிப் பழகிய ஒலி. தற்செயல்தான். ஆனால் 1665, 1666 ஆம் ஆண்டுகளில் பிளேக் நோய் புகுந்தபோது அந்த ஊரில் நடந்ததைப் படித்துவிட்டு அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்க என்னால் முடியவில்லை.

ஊரின் நடுவே புனித லாரன்ஸ் பங்குக் கோயில் நிற்கிறது. முன்பு அது புனித எலேனாவின் பெயரில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று உண்டு. தூணின் மேற்பகுதி உடைந்து காணாமல் போய்விட்டதால், சிலுவையின் கைகள் குட்டையான கழுத்தின்மேல் அமர்ந்திருப்பது போலத் தெரியும். கோயிலின் சுவர்கள் பல நூற்றாண்டுகளில், பல கைகளால், துண்டு துண்டாக எழும்பியவை. தெற்குச் சுவரில் 1775 ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம் ஒன்று, தொலைதூர நகரங்களின் உச்சிவேளையையும் சேர்த்துக் காட்டும்படி நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பழைய கிராமக் கோயில்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஈம் கோயிலைத் தனித்து நிறுத்துவது அதன் கட்டடம் ஆகாது. அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிடலாம் என்று அதன் குருவானவரே எடுத்த முடிவுதான் அதைத் தனித்து நிறுத்துகிறது. அந்த முடிவு எப்படி வந்தது, யாருடைய தோளில் அதன் பாரம் இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஊரில் இரண்டு குருமார்

கதை வழக்கமாக நோயைக் கொண்டுவந்த துணி மூட்டையிலிருந்து தொடங்கும். அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்த காலத்தில் ஈமின் குருவாக இருந்தவர் ஷெர்லாண்ட் ஆடம்ஸ், மன்னர் பக்கத்து ஆள். 1644இல் அவரை வெளியேற்றிவிட்டு, திருச்சபையில் சடங்குகளைக் குறைக்க விரும்பிய பியூரிட்டன் பிரிவின் நம்பிக்கை கொண்ட தாமஸ் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். ஸ்டான்லி எளிமையானவர், ஊர் அவரிடம் ஒட்டிக்கொண்டது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் ஆடம்ஸும் திரும்பி வந்து தன் இடத்தைப் பிடித்தார். ஸ்டான்லி துணைக்குருவாகத் தொடர்ந்தார். 1662இல் வழிபாட்டு ஒருமைச் சட்டம் வந்தது. எல்லாக் குருமாரும் பொது ஜெபப் புத்தகத்தின்படியே வழிபாடு நடத்த வேண்டும். மறுப்பவர்களுக்குத் திருச்சபையில் இடமில்லை. ஸ்டான்லி மறுத்தார். பதவி போயிற்று, சம்பளம் போயிற்று. ஆனால் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஊரின் ஓரத்தில் தங்கிவிட்டார்.

ஆடம்ஸ் இறந்தபின், 1664இல் புதிய குருவாக வந்தவர் வில்லியம் மொம்பெசன். கேம்பிரிட்ஜில் படித்தவர், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். மனைவி கேதரின், ஜார்ஜ், எலிசபெத் என்ற இரண்டு சிறு பிள்ளைகள். ஊரோ இன்னமும் ஸ்டான்லியைத்தான் மனதுக்குள் தன் மேய்ப்பராக வைத்திருந்தது. பீடம் ஒருவரிடம், மக்கள் இன்னொருவரிடம். ஒரு பங்கில் இப்படி இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பது கோயில், சபை, சங்கம் என்று எதிலாவது பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

துணி மூட்டை

1665 ஆகஸ்ட் கடைசியில், லண்டனிலிருந்து ஒரு துணிப் பொதி ஈமுக்கு வந்தது. லண்டன் அப்போது பிளேக்கில் செத்துக்கொண்டிருந்தது. பொதியைப் பிரித்தவர் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல் உதவியாளர். கோயிலுக்கு அருகே மேரி என்ற பெண்ணின் குடும்பத்தோடு தங்கியிருந்தார். துணி ஈரமாக இருந்ததால் அடுப்புக்கு முன் விரித்து உலர்த்தினார் என்பது ஊர் வழக்கு. துணியின் மடிப்பில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் சூட்டில் விழித்துக்கொண்டன. காய்ச்சல் வந்தது, நெறி கட்டியது. செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து மேரியின் சிறு மகன் எட்வர்ட் கூப்பர். பிறகு பக்கத்து வீடுகள்.

தெள்ளுப்பூச்சியை அன்று யாரும் சந்தேகிக்கவில்லை. கெட்ட காற்று என்றார்கள், கடவுளின் கோபம் என்றார்கள். பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894இல். எலித் தெள்ளு அதைச் சுமக்கிறது என்று பால் லூயி சிமோன் காட்டியது 1898இல், பிளேக் தாக்கிய இந்தியாவில், கராச்சியில் வைத்து. ஈம் மக்கள் முடிவெடுத்தபோது எதிரி யாரென்றே அவர்களுக்குத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. அவர்களை எடைபோடுகிற எவரும் முதலில் இந்த இருட்டை எடைபோட வேண்டும்.

அக்டோபரில் இருபதுக்கும் மேல் செத்தார்கள். குளிர் வந்ததும் நோய் ஒடுங்கியது. மே மாதத்தில் சாவு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபோது, போய்விட்டது என்று ஊர் மூச்சு விட்டிருக்கும். ஜூனில் மறுபடியும் ஏறியது.

ஜூன் 1666

வசதி உள்ள சிலர் அதற்குள் கிளம்பிப் போய்விட்டார்கள். மொம்பெசனும் தன் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவைத்தார். கேதரினையும் போகச் சொன்னார். அவர் கணவரோடு இருந்துவிட்டார். எஞ்சியவர்கள் சுற்றியிருந்த ஊர்களுக்கு ஓடத் தயாரானார்கள். அங்கேதான் மொம்பெசன் ஸ்டான்லியின் வாசலுக்குப் போனார்.

அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. விளைவு மட்டும் தெரிகிறது. சட்டம் பதவியில் அமர்த்திய இளைஞரும், சட்டம் தெருவில் விட்ட மூத்தவரும் ஊருக்கு முன் ஒன்றாக நின்றார்கள். என் கணிப்பில் இந்த நிகழ்வின் அச்சாணி இதுதான். மொம்பெசன் தனியாகச் சொல்லியிருந்தால், மன்னர் அனுப்பிய பையன் சொல்கிறான் என்று பாதிப் பேர் அன்றிரவே கிளம்பியிருப்பார்கள். அவருக்கு ஊரின் நம்பிக்கை தேவைப்பட்டது. அது ஸ்டான்லியிடம் இருந்தது. ஸ்டான்லிக்கோ அதிகாரம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மனிதர், தன்னை ஒதுக்கிய அமைப்பின் பிரதிநிதிக்குத் தோள் கொடுத்தார். புகழ் பெரும்பாலும் மொம்பெசனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மூன்று ஏற்பாடுகளை ஊர் ஏற்றுக்கொண்டது. முதலாவது, இறந்தவர்களை இனிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை. அவரவர் குடும்பமே அவரவர் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்துவிட வேண்டும். இதன் கனத்தை இன்று உணர்வது கடினம். கோயில் மண்ணில், குருவின் ஜெபத்தோடு புதைக்கப்படுவதும், கடைசி நாளில் அங்கிருந்தே உயிர்த்தெழுவதும் அந்தக் காலத்து விசுவாசிக்கு உயிரைவிடப் பெரிய ஆறுதல். அதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார்கள்.

இரண்டாவது, கோயிலைப் பூட்டிவிடுவது. வழிபாடு இனித் திறந்தவெளியில். கோயிலுக்குச் சற்று அப்பால் குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் சரிவில் சுண்ணாம்புப் பாறை இயற்கையாகவே வளைவு வளைவாகத் திறந்து மண்டபம் போல நிற்கும். மொம்பெசன் அந்தப் பாறை வளைவில் நின்று வாசிக்க, எதிரே புல் சரிவில் குடும்பம் குடும்பமாக, ஒருவரை ஒருவர் நெருங்காமல், மக்கள் நின்றார்கள். வாரத்துக்கு வாரம் அந்தச் சரிவில் இடைவெளிகள் கூடிக்கொண்டே போயின.

மூன்றாவது, யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை. வெளியாட்களும் உள்ளே வருவதில்லை.

எல்லைக் கல்

ஈமுக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே, புல்வெளியில் ஒரு பாறை கிடக்கிறது. பெரிய ஆட்டுக்கல் அளவுக்கு, ஒழுங்கற்ற வடிவம். அதன் மேற்பரப்பில் ஆறு குழிகள் குடையப்பட்டிருக்கின்றன. காசு வழியாக நோய் தொற்றாது என்ற நம்பிக்கையில், ஈம் மக்கள் அந்தக் குழிகளில் காடியை ஊற்றி, அதற்குள் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் ரொட்டியையும் மற்றப் பொருள்களையும் வைத்துவிட்டு, காடியில் நனைந்த காசை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே, மேட்டில் உள்ள ஒரு நீரூற்றிலும் இதே கொடுக்கல் வாங்கல் நடந்தது. இன்று அதற்கு மொம்பெசன் கிணறு என்று பெயர். சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார்.

இந்தக் கல்லைப் பற்றி எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. ஈம் மக்களின் தியாகத்தைச் சொல்கிறவர்கள் கல்லின் மறுபக்கத்தில் நின்றவர்களைச் சொல்வதில்லை. பிளேக் பிடித்த ஊரின் காசைத் தொட்டு எடுத்தவர்கள் அவர்கள். அந்த ரொட்டி வராமல் இருந்திருந்தால் எந்த வாக்குறுதியும் ஒரு வாரத்துக்குமேல் தாங்கியிருக்காது. பசித்த வயிற்றை வேலியால் கட்ட முடியாது. 2020இல் நம் தெருக்களில் தகரத்தை அடித்து மறித்தபோது, மறுபக்கத்திலிருந்து பால் பாக்கெட்டை நீட்டிய கைகளை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

ரைலி பண்ணை, ஆகஸ்ட் 3 முதல் 10 வரை

ஜூலையில் 56 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் 78 பேர்.

ஊருக்குக் கிழக்கே மேட்டு நிலத்தில் இருந்த ரைலி பண்ணையில் எலிசபெத் ஹான்காக்கின் குடும்பம் வாழ்ந்தது. ஆகஸ்ட் 3க்கும் 10க்கும் இடையில், எட்டு நாட்களில், அவருடைய கணவர் ஜானும் ஆறு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். ஏற்பாட்டின்படி அடக்கம் செய்ய வேண்டியது குடும்பம். குடும்பத்தில் எஞ்சியவர் அவர் ஒருவர். குழி தோண்டினார். உடலைத் தொடாமல் இருக்க, காலில் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார் என்று ஊரில் சொல்கிறார்கள். மூக்கையும் வாயையும் ஒரு கைக்குட்டையால் கட்டியிருந்தாராம். எதிர்மலையில் இருந்த ஸ்டோனி மிடில்டன் மக்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை, வரவும் கூடாது. இன்று அந்த இடத்தில் வட்டமான ஒரு தாழ்ந்த கற்சுவருக்குள் ஏழு பேரின் நினைவுக் கற்கள் இருக்கின்றன. புல்வெளி, காற்று, ஏழு பெயர்கள். அவ்வளவுதான்.

ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தானே புதைப்பதைப் பற்றி நமது ஒப்பாரிகளில் நிறைய உண்டு. இங்கே ஒப்பாரி வைக்கவும் உடன் ஆள் இல்லை.

எல்லாக் குடும்பத்திலும் எலிசபெத் போல ஒருவர் எஞ்சவில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு மார்ஷல் ஹோ என்பவர் போனார். நோய் கண்டு பிழைத்தவர். இனித் தன்னை அண்டாது என்று நம்பினார். பிணங்களை அடக்கம் செய்துவிட்டுக் கூலியாக அந்த வீட்டின் பண்டங்களை எடுத்துக்கொள்வார். ஊர்க்கதைகளில் அவர் பேராசைக்காரராக வருகிறார். அவருடைய மனைவியும் மகனும் இறந்தார்கள். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. மற்றவர்கள் தொட அஞ்சியதைத் தொட்ட மனிதர் அவர். அந்த வேலையைச் செய்பவரைத் தூற்றிக்கொண்டே அந்த வேலையை அவரிடம் வாங்கிக்கொள்வது எல்லா ஊர்களின் பழக்கமும்தான்.

ஆகஸ்ட் 25 அன்று கேதரின் மொம்பெசன் இறந்தார். இருபதுகளின் கடைசியில் இருந்தார். சில நாட்களுக்கு முன் வயலில் கணவரோடு நடந்தபோது காற்று இனிமையாக மணக்கிறதே என்று அவர் சொன்னதாகவும், அதுவே நோயின் அறிகுறி என்று மொம்பெசன் உள்ளுக்குள் நடுங்கியதாகவும் ஒரு வழிவழிச் செய்தி இருக்கிறது. அவருடைய உடல் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், பழைய கற்சிலுவைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை இன்றும் இருக்கிறது. குருவின் மனைவிக்குக் கோயில் மண், எலிசபெத்தின் பிள்ளைகளுக்கு வயல் மண் என்பது படிக்கும்போது உறுத்தவே செய்கிறது.

நவம்பர் 1 அன்று நிகழ்ந்த ஆபிரகாம் மார்ட்டனின் சாவு கடைசி. அந்த மாதம் மொம்பெசன் எழுதிய கடிதத்தில், தன் ஊர் இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவாகிவிட்டது, கபாலஸ்தலமாகிவிட்டது என்ற பொருளில் எழுதினார். 76 குடும்பங்களை நோய் தொட்டது, 259 பேர் இறந்தார்கள் என்று கணக்கும் கொடுத்தார்.

கணக்கும் கதையும்

இந்த எண்ணிக்கையில் பெரிய தகராறு இல்லை. 257, 259, 260 என்று ஆளுக்கு ஆள் சொன்னாலும் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன. ஊரின் மொத்த மக்கள்தொகையில்தான் சிக்கல். 350 பேர் இருந்தார்கள், அதில் 260 பேர் இறந்தார்கள் என்ற கணக்கை நெடுங்காலம் எல்லோரும் திருப்பித் திருப்பி எழுதினார்கள். பதிவேடுகளையும், வீட்டு அடுப்புகளை எண்ணி விதித்த அடுப்பு வரிக் கணக்கையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள், ஏறக்குறைய 700 பேராவது வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் இறந்தது நான்கில் மூன்று பங்கு ஆகாது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். துயரம் இதனால் சிறுத்துவிடாது. ஆனால் ஒட்டுமொத்த ஊரும் தன்னைப் பலியிட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், மறு ஆண்டு ஏரோட்ட எழுந்த நானூறு பேரை நாம் வரலாற்றிலிருந்து வெளியேற்றிவிடுவோம்.

இன்று கையில் உள்ள பங்குப் பதிவேடும் மூலம் இல்லை. பின்னாளில் எடுத்த பிரதி. இந்த ஆவணத்தை வைத்துத்தான் 2016இல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடெலோ என்ற இரு ஆய்வாளர்கள் ஈமின் தொற்றைக் கணித முறையில் அலசினார்கள். நான்கில் மூன்று பங்குத் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்கும், எலி வழி வந்தது மீதிதான் என்பது அவர்களின் முடிவு. ஒரே வீட்டுக்குள் நோய் மிக வேகமாகப் பாய்ந்தது என்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. இதை அந்த மூன்று ஏற்பாடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். மக்களைக் கோயில் பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைக்காமல் வெளியே நிறுத்தியது நல்லது. அடக்கத்துக்கு ஊர் கூடாமல் தடுத்ததும் நல்லது. ஆனால் நோய் புகுந்த வீட்டோடு அந்த வீட்டாரைக் கட்டிப்போட்டதன் விலைதான் ரைலியின் ஏழு கற்கள். வீடுகளைக் காலிசெய்து மலைச்சரிவில் குடிசை போட்டுப் பிரிந்து தங்கியிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். சிலர் அப்படிச் செய்யவும் செய்தார்கள். நோய் சுற்றுவட்டாரத்துக்குப் பரவவில்லை என்ற வகையில் ஏற்பாடு வென்றது. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அது என்ன செய்தது என்பதற்கு அவ்வளவு தெளிவான பதில் இல்லை.

அவர்கள் விரும்பித்தான் தங்கினார்களா? ஏழைகளுக்குப் போக்கிடம் இருந்ததா? ஈமிலிருந்து வருகிறவனை எந்த ஊர் உள்ளே விட்டிருக்கும்? ஓட முடியாதவர்கள் தங்கியதைத்தான் பின்னால் தியாகமாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் 14 மாதங்களில், சுற்றிலும் காவல் இல்லாத ஒரு திறந்த மலையூரில், இரவோடு இரவாக நழுவிவிடும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் இருந்தது. வேறு வழியில்லாமல் தொடங்கியதைக்கூட மனிதர்கள் மனதார ஏற்று முடிக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

கதை வெளியுலகுக்குப் போனதும் கோயில் வழியாகத்தான். 1720இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் பிளேக் வந்தபோது இங்கிலாந்து நடுங்கியது. அரசு மருத்துவர் ரிச்சர்ட் மீடிடம் ஆலோசனை கேட்டது. அவர் தனிமைப்படுத்தலுக்கு எடுத்துக்காட்டாக ஈமைக் குறிப்பிட்டார். அவருக்குச் செய்தி கிடைத்தது மொம்பெசனின் மகனிடமிருந்து. ஆக, நாம் கேட்கும் கதையின் முதல் குரல் குருவின் குடும்பக் குரல். ஸ்டான்லி 1670லேயே இறந்துவிட்டார். எலிசபெத் ஹான்காக் எதையும் எழுதிவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலைப் பெரிதாகப் புதுப்பித்தார்கள். 1985இல் இந்தக் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றை அமைத்தார்கள். ஆண்டுதோறும் கோடை முடிவில் பிளேக் ஞாயிறு வரும். அன்று கோயிலில் இருப்பவர்கள் வெளியே இறங்கி, குக்லெட் டெல்ஃபுக்கு நடந்துபோய், அந்தப் பாறை வளைவுக்கு முன் நின்று ஜெபிப்பார்கள்.

மொம்பெசன் 1669இல் ஈமை விட்டுப் போனார். நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊரின் பங்கை அவருக்குக் கொடுத்தார்கள். பிளேக் ஊரின் குரு வருகிறார் என்று கேட்டதும் ஈக்ரிங் மக்கள் பயந்துவிட்டார்கள். தங்கள் கோயிலுக்குள் அவரை விட மறுத்தார்கள். நோய் ஓய்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கோபப்பட்டதாக எந்தச் செய்தியும் இல்லை. ரஃபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்கிக்கொண்டார். ஊருக்கு வெளியே ஓர் ஆஷ் மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார்; மக்கள் தள்ளி நின்று கேட்டார்கள். பயம் தெளிந்தபின் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். 1709இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்த மரம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது.